செல்லார் குழியின் தண்ணீர்

திருப்பதியில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், தாங்கள் படுத்தெழுந்த விரிப்பை யார் துவைக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. பெரிய ஓட்டல்கள் மெஷின் லாண்டிரிக்கு அனுப்பிவிடும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள பத்து அறை, பன்னிரண்டு அறை லாட்ஜுகளின் விரிப்பும் தலையணை உறையும் மூட்டையாகக் கட்டப்பட்டு செங்கம்மா போன்றவர்களின் வீட்டுக்கு வரும். தலையணை உறை முழுக்கச் சந்தனக் கறை இருக்கும். மலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கியவர்கள் அப்படியே படுத்திருப்பார்கள். அந்தக் கறையை வெந்நீரில் போட்டால் மஞ்சள் ஏறிவிடும், பிறகு எதற்கும் போகாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, மறுபடியும் ஊறவைத்து, மூன்றாவது தண்ணீரில்தான் சோப்பைத் தொட வேண்டும். அதனால் செங்கம்மாவின் தொழிலில் இடுப்பு வலியைவிடப் பெரிய கஷ்டம் தண்ணீர்.

அவள் நகரிக்காரி. பிறந்த வீட்டில் நாள் முழுக்க பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி குரல் இரண்டு படி உயரத்திலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த புதிதில், புருஷன் வெங்கடரமணனிடம் அவள் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்களாம். பிற்பாடு அந்தக் குரலே தெருவுக்கு உபயோகமாயிற்று. கரண்டு போனாலும் சாக்கடை அடைத்தாலும் செங்கம்மாவைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, மறைக்கவும் மாட்டாள்.

வெங்கடரமணன் மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதியில் கண் மங்கி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் போன பின், டி.வி.எஸ். வண்டியில் லாட்ஜ் லாட்ஜாகப் போய் மூட்டை எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. மகள் காஞ்சனாவைப் புத்தூரில் கொடுத்திருந்தார்கள். மகன் சுதீர் தடா பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்த்து, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான்.

வீடு அவர்கள் சொந்தம். பதினாறு அங்கணம். அந்த ஊரில் மனையை அங்கணக் கணக்கில்தான் விற்பார்கள். இரண்டு அறை, சமையல் கட்டு, மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. பின்பக்கம் துவைக்கும் கல்லும் சிமெண்டுத் தொட்டியும். கட்டும்போது நாலடி ஆழத்துக்குக் கருங்கல் அடுக்கி அஸ்திவாரம் போட்டார்கள். காஞ்சனாவை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளும் கல் எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவ்வளவுதான் அஸ்திவாரம். கீழே இருப்பது மணல் கலந்த மண். எப்போதோ மலையிலிருந்து ஓடை இறங்கிய வழி என்பார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு விரிசல் கிடையாது.

வடக்கே, மலை இருக்கும் திசையில், பின்சுவரை ஒட்டி, பூட்டிக் கிடந்த பழைய பங்களா ஒன்று இருந்தது. வாரிசுகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஐந்து மாடி லாட்ஜ் கட்டப் போவதாகவும் கார் நிறுத்த இரண்டு அடுக்கு செல்லார் என்றும் சொன்னார்கள். பூமிக்கடியில் கட்டும் தளத்துக்கு அங்கே செல்லார் என்றுதான் பெயர். மாசி மாதம் பொக்லைன் வந்தது. செங்கம்மா மாடியில் விரிப்பு காயப்போடும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். ஆளுயரம், இரண்டு ஆளுயரம், பிறகு வேலை செய்கிறவர்களின் தலை மட்டும் தெரிந்தது. அவள் வீட்டுக் காம்பவுண்டிலிருந்து இரண்டு முழம் விட்டு மண்ணைச் செங்குத்தாக வெட்டி, சவுக்குக் கட்டை நட்டுத் தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சைட் சூப்பர்வைசர் கிஷோர் சித்தூர்ப் பையன். முப்பது வயதிருக்கும். அது போதுமா என்று அவள் கேட்டதற்கு, போதும், செல்லார் சுவர் எழும்பும் வரைக்கும்தானே என்றான்.

பதினெட்டு அடியில் தண்ணீர் வந்தது. வேலை நடக்க வேண்டுமென்றால் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் வைத்தார்கள். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள சத்தியவேடு பக்கத்திலிருந்து பாலையா என்பவரைக் கொண்டுவந்தார்கள். தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் குழாய் வரும். மீதிக்கு டேங்கர்தான். அப்படிப்பட்ட தெருவில், கண்ணாடி போலத் தண்ணீர் கை மொத்தக் குழாயில் பகலெல்லாம் சாக்கடைக்குப் போனது. முதல் நாள் செங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் பாலையாவைக் கூப்பிட்டு, அந்தக் குழாயைக் கொஞ்சம் இப்படித் திருப்பக் கூடாதா என்று கேட்டாள். அவர் சுவரின் மேல் ஒரு ஹோஸைப் போட்டு அவள் தொட்டியில் விட்டார். ஒரு வாரத்தில் தெருவே அவள் வீட்டு வாசலில் குடத்தோடு நின்றது.

அந்த இரண்டு மாதம் அவள் வாழ்க்கையில் சுகமான காலம் என்று சொல்லலாம். தண்ணீர் பிடிக்க வரிசை வைத்தவள் அவள்தான். யார் முதலில், யார் ட்ரம்முக்குப் பிடிக்கலாம், யார் குடத்தோடு நிற்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டாள். கூடுதலாக இரண்டு லாட்ஜ் மூட்டை பிடித்தாள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா, தெலுங்கு பேசுகிறவர், பள்ளிக்கூடத்து டீச்சராயிருந்து ஓய்வு பெற்றவர், அதுவரைக்கும் ஒரு எட்டுத் தள்ளி நின்று பேசுகிறவர், தினமும் வந்து நின்று கதை பேசிவிட்டுப் போனார்.

சித்திரையில் வேலை நின்றது. ஓனருக்கு ஏதோ அனுமதி வர வேண்டியிருந்தது, கம்பி வரவில்லை என்று இரண்டு விதமாகச் சொன்னார்கள். குழி அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வேலை இல்லாதபோது கரண்டு எதற்கு என்று கிஷோர் மோட்டாரை நிறுத்தச் சொன்னான். வெயில் கொளுத்தும் நாட்கள். டேங்கரும் சரியாக வருவதில்லை. செங்கம்மா பத்துப் பதினைந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனாள். அந்தக் குரலில் அவள் பேசிய பேச்சுக்குக் கிஷோர் சிரித்துவிட்டான்.

"சரிக்கா, ஓடட்டும். ஆனா எழுதிக் குடுங்க. ஓனரு எதுக்கு மோட்டார் ஓடுதுன்னு கேட்டா நான் காட்டணும்ல."

லட்சுமம்மா அங்கேயே தெலுங்கில் எழுதினார். தெருவாசிகளாகிய நாங்கள் கேட்டுக்கொள்வதன் பேரில், கோடை முடியும் வரை மோட்டாரைத் தொடர்ந்து இயக்கித் தண்ணீர் தர வேண்டுமென்று. முதல் கையெழுத்து செங்கம்மா, தமிழில். கீழே பதினான்கு பேர்.

மூன்று வாரம் போயிருக்கும். தண்ணீர் லேசாகக் கலங்கி வந்தது. முதலில் லாட்ஜுக்காரர்தான் சொன்னார், விரிப்பு வெளுப்பு குறைந்துவிட்டது என்று. அவள் ட்ரம்மில் பிடித்து ஓர் இரவு தெளியவைத்து, மேல் தண்ணீரை மொண்டு துவைத்தாள். தெருவில் எல்லோரும் அப்படியே செய்தார்கள். காலையில் ட்ரம்மைக் கவிழ்த்தால் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணல் படிந்திருக்கும். மாவு போல இருக்கும், கையில் எடுத்தால் நழுவும். அதை வாரிக் காம்பவுண்டு ஓரம் கொட்டிவைத்தாள்.

ஒருநாள் காலையில் பாலையா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, தண்ணி மாறிப்போச்சு. பொடி மணல் ஏறுது. கெணத்துல இப்டி ஏறிச்சின்னா நாங்க மோட்டார நிறுத்திடுவோம். சுத்து மண்ணு கரைஞ்சி உள்ள வருதுன்னு அர்த்தம்."

அன்று அவளுக்கு நாலு மூட்டை குவிந்து கிடந்தது. அவர் மோட்டார் பார்க்கச் சோம்பிக்கொண்டு சாக்குச் சொல்கிறார் என்று பட்டது.

"இன்னாய்யா, சுவிச்சப் போட்டுட்டுக் குந்திக்கினு கீறதுகூடவா உனுக்குக் கஷ்டம்? தூங்கணும்னா தூங்கு, யாரு வேணாங்கறாங்க. தண்ணிய நிறுத்தறதுக்குக் கதை வுடாத."

பாலையா மோட்டார் பக்கம் திரும்பிப் போய்விட்டார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். செங்கம்மாவும் சிரித்தாள்.

வைகாசி கடைசியில் குளியலறைக் கதவு தரையில் உரசியது. ஈரத்தில் ஊறிவிட்டது என்று வெங்கடரமணன் அடியில் கொஞ்சம் இழைத்துவிட்டார். ட்ரம்மை விளிம்பு வரை நிரப்பினால் வடக்குப் பக்கம் மட்டும் வழிந்தது. அவள் அந்தப் பக்கம் ஓட்டுத் துண்டு ஒன்றைச் சொருகினாள். பத்து நாளில் இன்னொரு துண்டு வேண்டியிருந்தது. பின்னறை ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் இறங்கியது. முதலில் மயிர் இழை, பிறகு ஒரு ரூபாய்க் காசை நுழைக்கலாம். வெங்கடரமணன் காம்பவுண்டு ஓரம் குவித்திருந்த மணலைச் சலித்து, சிமெண்டு கலந்து, கரண்டி வைத்து விரிசலை அடைத்தார். கடையில் வாங்குகிற பூச்சு மணல்கூட இவ்வளவு நைசாக இருக்காது என்று பாராட்டிக்கொண்டே பூசினார். அது எங்கிருந்து வந்த மணல் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பூச்சு ஒரு வாரம் நின்றது. பிறகு அதே இடத்தில் பிளந்தது.

அவர் எதையும் சிரிப்பாக்கிப் பேசுகிற மனுஷன். "நாப்பது வருசமா நாமதான் மலைக்கு ஏறி எறங்கிக்கினு கீறோம். இப்ப வூடும் அந்தப் பக்கம் கெளம்பிடுச்சி போல," என்றார். அவள் சிரிக்கவில்லை. கிஷோரிடம் போய்ச் சொன்னாள். அவன் வந்து பார்த்து, ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். முகம் சுருங்கியது. மறுநாள் மோட்டார் நின்றது. பாலையாவைக் காணோம், வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

ஆடியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, செங்கம்மா மாடி அறையில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடி போல ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போல நீளமாக ஒரு சத்தம். காலுக்கடியில் தளம் ஒரு தரம் இறங்கி நின்றது. கீழே வந்து பார்த்தால் பின்பக்கம் இல்லை. காம்பவுண்டு, துவைக்கும் கல், தொட்டி, குளியலறை எல்லாம் குழிக்குள் கிடந்தன. பின்னறையின் மூலை அந்தரத்தில் தொங்கியது. கருங்கல் அஸ்திவாரத்தின் கீழ்ப்பக்கம் வெளிச்சத்தில் தெரிந்தது. தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த முப்பது விரிப்பு குழித் தண்ணீரில் விரிந்து மிதந்தது. அதிர்ச்சியில் அவளுக்கு அந்த விரிப்புகள்தான் கண்ணில் பட்டன. லாட்ஜுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வெங்கடரமணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

கார்ப்பரேஷனிலிருந்து வந்து மூன்று வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். செங்கம்மா வீடு, லட்சுமம்மா வீடு, அதற்கடுத்த வீடு. உடனே காலி செய்ய வேண்டும். லட்சுமம்மா வீட்டில் விரிசல் விழுந்திருந்ததே தவிர மண் சரியவில்லை. அவர் புருஷன் பக்கவாதத்தில் படுத்திருப்பவர். அவரைக் கட்டிலோடு தூக்கித் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். செங்கம்மாவும் வெங்கடரமணனும் நாலு தெரு தள்ளி ஒரே அறையில் வாடகைக்கு ஒதுங்கினார்கள். சுதீர் லீவு போட்டு வந்து சாமான் ஏற்றிக் கொடுத்தான். தெருவே சேர்ந்து மனுக் கொடுத்தது. வீட்டைப் பழையபடி கட்டித் தர வேண்டும், குழியை மூட வேண்டும் என்று. எழுத வைத்ததும் முன்னால் நின்றதும் செங்கம்மாதான்.

ஆவணியில் விசாரணை. கார்ப்பரேஷன் இன்ஜினீயர் ரோஹிணி என்ற பெண்மணி. நிதானமாகப் பேசுகிறவர். ஓனர் தரப்பில் ஒருவர் பைலோடு வந்திருந்தார். லாண்டிரித் தண்ணீர் வருஷக்கணக்காக அங்கேயே இறங்கி மண் ஊறிப்போயிருந்தது, அதுதான் காரணம் என்றார். மேலும், மோட்டாரை நிறுத்தத்தான் நாங்கள் பார்த்தோம், தெருக்காரர்கள்தான் ஓட வைத்தார்கள் என்று அந்தக் காகிதத்தின் நகலை மேஜைமேல் வைத்தார். ரோஹிணி கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். லட்சுமம்மா எழுந்து, நான் எழுதிக் கொடுத்தது உண்மைதான், செங்கம்மா பக்கத்தில் நின்று வற்புறுத்தியதால் எழுதினேன் என்று தெலுங்கில் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்று அந்த அறையில் செங்கம்மாவின் குரல் ஒரு படிகூட ஏறவில்லை.

வெளியே வரும்போது ரோஹிணி அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னதன் சாரம் இது. மோட்டார் தண்ணீரை மட்டும் எடுத்திருந்தால் ஒன்றுமில்லை. மணலையும் சேர்த்து எடுத்திருந்தால் வீட்டுக்கடியில் பொந்து விழும், வீடு இறங்கும். மணல் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தும் ஓட்டினார்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். இருந்தால் நாளைக்கே குழியை மூட உத்தரவு போடலாம். இல்லாவிட்டால் அவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடாவிட்டால் லட்சுமம்மா வீடும் அதற்கடுத்ததும் நிற்காது.

செங்கம்மா வாட்ச்மேனிடம் கெஞ்சி விசாரித்தாள். பாலையா குப்பம் என்ற ஊரில் ஒரு கிரானைட் குவாரியில் தேங்கிய தண்ணீர் இறைக்கிற வேலையில் இருந்தார். காலை முதல் பஸ்ஸில் ஏறி, சித்தூரில் மாறி, பலமனேர் வழியாகக் குப்பம் போய்ச் சேர மதியமாயிற்று. வழியெல்லாம் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு போனாள். பாலையா தன்னிடம் சொன்னதை விட்டுவிட்டு, கிஷோரிடம் சொன்னதை மட்டும் சொல்ல வைக்க முடியுமா என்பதுதான் அது. கிஷோரிடம் சொன்னாரா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை.

பாலையா அவளைப் பார்த்து முகம் மாறவில்லை. குவாரி ஓரத்து டீக்கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வீடு சரிந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட நீ சொன்னியா, மணல் வருதுன்னு?"

"சொன்னேன்க்கா. உங்ககிட்ட சொன்ன ரெண்டாம் நாளு. அவரு சித்தூர் போயிருந்தாரு, அதனால போன்லதான் பேசி அனுப்பினேன். அவரும் பேசித்தான் பதில் போட்டாரு. ரெண்டும் கீது."

போனை எடுத்து வாட்ஸாப்பைத் தேடி ஓடவிட்டார். பாலையாவின் குரல், பின்னால் மோட்டார் இரைச்சல்: சார், பொடி மணல் நிறைய வருது. பின்சைடு வீட்டு அக்காகிட்டயும் சொன்னேன். அவங்க கேக்கல, தண்ணி வேணுங்கறாங்க. இன்னா பண்றது. அதற்கு அடியில் கிஷோரின் குரல், சாலையில் நடந்துகொண்டே பேசுவது போல: அதான் தெருவே கேக்குதே. நானும் ஓனர்கிட்ட சொல்லிட்டேன். எப்டியும் அடுத்த வாரம் வேலை ஆரம்பிச்சிடும். ஓட வுடு.

தேதி இருந்தது. மணி இருந்தது. செங்கம்மா இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என்னப் பத்திச் சொன்ன இடத்த மட்டும் எடுத்துட முடியாதாய்யா?"

பாலையா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார். தெரிந்தாலும் செய்ய மாட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கூப்பிட்டால் வருவதாகவும், வந்தால் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வரும் என்றும் சொன்னார். அவள் டீயை முழுக்கக் குடிக்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும் வெங்கடரமணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாலையா மணலைப் பற்றி எச்சரித்ததை அவரிடம்கூட அவள் அதுவரை சொன்னதில்லை. கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்.

"அதக் குடுத்தா நம்ம வூட்டுக்கு ஒண்ணும் வராது, தெரியுமில்ல? மொத கையெழுத்து நீ. சொல்லியும் கேக்காதவ நீ. தெரிஞ்சே இழுத்துவுட்டுக்கினாங்கன்னு சொல்லிடுவான்."

"குடுக்காங்காட்டி?"

கொடுக்காவிட்டால் அவர்கள் வீட்டுக்கு ஏதாவது வந்தாலும் வரலாம். லாண்டிரித் தண்ணீர்க் கதை கோர்ட்டில் நிற்காது என்று சுதீர் விசாரித்துச் சொல்லியிருந்தான். வருஷம் ஆகும், ஆனால் வரும். அந்த வருஷத்துக்குள் இரண்டு மழைக்காலம் இருந்தது. லட்சுமம்மாவின் புருஷன் தங்கை வீட்டில் படுத்துக்கொண்டு, வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் அவள் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் பழைய தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. லட்சுமம்மா தன் வீட்டின் நோட்டீஸ் ஒட்டிய வாசலில் நின்று, சுவரிலிருந்த விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே முந்தைய தேதிகள் வரிசையாக இருந்தன. டீச்சர் கையெழுத்து, அச்சு மாதிரி. ஒவ்வொரு கோடும் நடுவில் விலகியிருந்தது. செங்கம்மாவைப் பார்த்ததும் அவர் உள்ளே திரும்பிக்கொண்டார். செங்கம்மா வீட்டுக்கு வந்து பாலையாவுக்குப் போன் பண்ணினாள்.

அடுத்த விசாரணையில் பாலையா நின்றபடியே சொன்னார். போனை மேஜையில் வைத்து ஓடவிட்டார்கள். கிஷோர் தரையைப் பார்த்தான். பைல்காரர் முதல் முறையாகப் பேனாவை மூடினார். பிறகு அவர்தான் சுதாரித்துக்கொண்டு, அந்த அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாரே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ரோஹிணி செங்கம்மாவைப் பார்த்தார். "உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு மேடம். வேல செய்யச் சோம்பேறித்தனம்னு நான்தான் ஏசிட்டேன். நாலு பேரு எதிர்ல."

"மணல் வந்தா வீட்டுக்கு ஆபத்துன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா அப்போ?"

அப்படிக் கேட்டது அவளுக்கு ஒரு வழி விடுவதற்காக என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாதி அதுவும் நிஜம்தான்.

"புரிஞ்சிக்க நான் நிக்கல மேடம். தண்ணி நின்னுடுமோன்னுதான் பயந்தேன்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. தெற்குப் பக்கம் முழுக்கக் கிராவல் மண் கொட்டி, மணல் மூட்டை அடுக்கி, மண்ணை அழுத்திக் குழியை மூட வேண்டும். லட்சுமம்மா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஓனர் செலவில் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தித் தர வேண்டும். செங்கம்மாவின் வீடு பழுது பார்க்கும் நிலையில் இல்லை, இடித்துவிட வேண்டும். அவள் நஷ்ட ஈடு கேட்டது பற்றி, மனுதாரர் அறிந்தே நேர்ந்தது என்பதால் தனியாக நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒரே ஒரு வரி. வெங்கடரமணன் அந்த வரியைக் கண்ணருகே வைத்துப் படித்து, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதையும் சிரிப்பாக்கவில்லை.

லாரி லாரியாக மண் வந்தது. புரட்டாசி முடிவதற்குள் குழியின் அந்தப் பக்கம் மேடேறிவிட்டது. ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. லட்சுமம்மா வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் அதன் பிறகு விலகவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் புருஷனைக் கட்டிலோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைச் செங்கம்மா பார்க்கவில்லை, யாரும் அவளிடம் வந்து சொல்லவும் இல்லை. காய்கறிக் கடையில் ஒருநாள் லட்சுமம்மா எதிர்ப்பட்டார். இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவர் முதலில் எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டை இடிக்க அரை நாள் போதுமாயிருந்தது. தகரக் கூரையையும் ஜன்னல் கம்பியையும் இரும்புக் கடைக்காரன் ஏற்றிக்கொண்டான். வாசல் நிலைச்சட்டம் மட்டும் தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டு எடுத்து வைத்திருந்தாள். நல்ல வேங்கை மரம். புத்தூரில் காஞ்சனா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டப் போகிறார்கள், அதற்கு ஆகும் என்று நினைத்தாள். வெங்கடரமணனும் அவளும் அதை ஒரு ஆட்டோவில் போட்டுப் பழைய மரம் வாங்கி விற்கிற கடைக்குக் கொண்டுபோய், கொஞ்சம் சீவிச் சரி பண்ணித் தரச் சொன்னார்கள். ஆசாரி அதைத் தரையில் கிடத்தி, நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தார். மறு மூலைக்கும் அளந்தார். ஒரு பக்கம் மூன்று விரல் அதிகமாக இருந்தது.

"கோணிக்கினு கீதும்மா. எந்த வாசலுக்கும் உக்காராது. வெறகுக்குத்தான்."

செங்கம்மா குனிந்து, மேல்கட்டையில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். முழுக்கப் போகவில்லை. வாடகை வீட்டில் இரண்டு லாட்ஜ் மூட்டை பிரிக்காமல் கிடந்தது, சாயங்காலத்துக்குள் ஊறப்போட வேண்டும். நிலைச்சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினார்கள்.